ஹார்மோன் ஊசியும் ஆண்களின் எலும்பும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்பவரின் மருத்துவக் கோப்பைப் புரட்டிப் பாருங்கள். பயாப்ஸி அறிக்கை இருக்கும், எம்.ஆர்.ஐ. இருக்கும், நோயின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை அளவு சில மாதங்களுக்கு ஒருமுறை ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருக்கும். எலும்பு அடர்த்தி எவ்வளவு என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. கேட்டால், "எலும்பு ஸ்கேன்தான் எடுத்தாச்சே" என்று பதில் வரும். அங்கேதான் குழப்பம். எலும்பு ஸ்கேன் எடுப்பது, புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க. எலும்பு எந்த அளவுக்கு வலுவாக இருக்கிறது என்பதை அது காட்டாது. அதற்கு டெக்ஸா என்ற வேறொரு சோதனை இருக்கிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும், கதிர்வீச்சு அளவும் மிகக் குறைவு.

இந்தச் சோதனை விட்டுப்போவது சின்ன விஷயம் இல்லை. நோயைக் கட்டுப்படுத்தும் அதே சிகிச்சை எலும்பையும் கரைக்கிறது. முதல் ஆண்டில்தான் வேகமாகக் கரைக்கிறது. வலி எதுவும் இல்லாததால் யாருக்கும் தெரிவதில்லை. புராஸ்டேட் புற்றுநோயோடு பத்து, பதினைந்து ஆண்டுகள் வாழ்கிறவர்கள் ஏராளம். அந்த ஆண்டுகளை அவர்கள் எழுந்து நடமாடிக் கழிக்க வேண்டுமானால், எலும்பைப் பற்றிய பேச்சு முதல் ஊசி போடும் நாளிலேயே தொடங்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊசி என்ன செய்கிறது

புராஸ்டேட் புற்றுநோய், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நம்பி வளர்கிறது என்பதை 1941இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் காட்டினார்கள். ஆணின் விதைகளை அகற்றினாலோ, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தாலோ நோய் சுருங்கியது. இதற்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்மின் ஆகியோரின் ஆய்வகங்கள், விதைகளில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதைத் தூண்டுவதற்காக மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் ஹார்மோன் கட்டளையின் வேதியமைப்பைக் கண்டுபிடித்தன. லியூப்ரோலைடு, கோசெரலின், டிரிப்டோரலின் போன்ற ஊசிகள் அந்த வேலையிலிருந்து பிறந்தவை. டிகாரலிக்ஸ் ஊசியும் ரெலுகோலிக்ஸ் மாத்திரையும் பின்னால் வந்தவை.

வழி எதுவானாலும் முடிவு ஒன்றுதான். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் 50க்குக் கீழே விழுகிறது. பலருக்கு 20க்கும் கீழே போகிறது. உடல் திடீரென்று வெப்பமாவது, வியர்த்துக் கொட்டுவது, அசதி, பாலுணர்வு குறைவது, எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது, மனச்சோர்வு எல்லாம் இந்த வீழ்ச்சியின் விளைவுகள். இவற்றை நோயாளி தானே உணர்கிறார், அல்லது வழக்கமான ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடுகிறது. எலும்பு விஷயத்தில் இரண்டும் நடப்பதில்லை.

எலும்பு கல்லைப் போல அப்படியே கிடப்பதில்லை. பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுக்க வேலை செய்துகொண்டே இருக்கின்றன. அரிக்கும் செல்கள் மிஞ்சிப்போகாமல் பிடித்து வைப்பதில் பெரும்பங்கு ஈஸ்ட்ரோஜனுக்கு. ஆண்களிடமும் அப்படித்தான். ஆணின் உடலில் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி அரோமடேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது; அவருடைய எலும்பைக் காப்பது முக்கியமாக அதுதான். 1994இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கை இதைத் தெளிவாகக் காட்டியது. 28 வயது இளைஞர், உயரம் 204 சென்டிமீட்டர், இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோன் இயல்பான அளவில் இருந்தது. ஆனால் மரபணுக் கோளாறால் அவர் உடல் ஈஸ்ட்ரோஜனுக்கு இணங்கவில்லை. அந்த வயதிலேயே அவருக்கு, எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் வந்திருந்தது.

ஹார்மோன் ஊசி டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தும்போது, அதிலிருந்து உருவாகும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தே போய்விடுகிறது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நேர்வது இங்கே ஆணுக்கு, இன்னும் வேகமாக நேர்கிறது. வயதான ஆண்களுக்கு இயல்பாக ஆண்டுக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை எலும்பு அடர்த்தி குறையும். ஹார்மோன் சிகிச்சையின் முதல் ஆண்டில் முதுகெலும்பில் மட்டும் 2 முதல் 8 சதவீதம் வரை குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதற்கப்புறம் வேகம் தணிந்தாலும் சிகிச்சை தொடரும்வரை இழப்பும் தொடர்கிறது. விதைகளை அறுவை சிகிச்சையில் அகற்றியவர்களுக்கும் இதே கதைதான்.

அடர்த்தி குறைவதை மட்டும் வைத்து முறிவைக் கணக்கிட முடியாது. ஹார்மோன் சிகிச்சையில் தசையும் குறைகிறது, கொழுப்பு கூடுகிறது. கால் தசை வலுவிழந்தால் தடுமாற்றம் வரும், விழும் வாய்ப்பு கூடும். எலும்பு மெலிவதும் விழுவதும் ஒன்றுசேரும்போதுதான் இடுப்பு முறிகிறது. 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசி 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். நோய் கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து ஆண்டுகளாவது உயிரோடு இருந்தவர்களில், ஹார்மோன் சிகிச்சை எடுத்தவர்களில் 19.4 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. எடுக்காதவர்களில் அது 12.6 சதவீதம். முதல் ஆண்டில் போட்ட ஊசிகள் கூடக் கூட ஆபத்தும் கூடியது. இடுப்பு முறிந்தால் ஓராண்டுக்குள் இறந்துபோகும் வாய்ப்பு பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். 'எலும்புத் தேய்மானமெல்லாம் பெண்களுக்கு வருவது' என்ற நினைப்பு இன்னமும் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

புதிய மாத்திரைகள், கூடுதல் சுமை

ஊசியோடு சேர்த்துக் கொடுக்கும் புதிய மாத்திரைகள் பலருடைய ஆயுளை நீட்டித்திருக்கின்றன. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் எலும்பின் கணக்கில் அவையும் சேர்கின்றன. அவற்றில் ஒன்றான அபிராடெரோனோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும் தினமும் சாப்பிட வேண்டும். நீண்ட காலம் எடுக்கும் ஸ்டீராய்டு, அளவு சிறியதானாலும், எலும்பை மெலியச் செய்யக்கூடியது. என்சாலுடமைடு, அபாலுடமைடு எடுப்பவர்கள் விழுவதும் எலும்பை முறித்துக்கொள்வதும் அதிகம். ஸ்பார்டன் என்ற ஆய்வில் அபாலுடமைடு எடுத்தவர்களில் 11.7 சதவீதம் பேருக்கு முறிவு ஏற்பட்டது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 6.5 சதவீதம். விழுந்தவர்கள் முறையே 15.6, 9 சதவீதம். டாரோலுடமைடை ஆராய்ந்த அராமிஸ் ஆய்வில் முறிவுகளின் வித்தியாசம் சிறியதாக இருந்தது: மருந்து எடுத்தவர்களில் 4.2 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 3.6 சதவீதம்.

இந்தத் துறையை உலுக்கியது எரா 223 என்ற ஆய்வு. எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு அபிராடெரோனோடு ரேடியம்-223 என்ற கதிரியக்க மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்ற எதிர்பார்ப்பில் நடத்தினார்கள். நடந்தது வேறு. இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு எலும்பு முறிந்தது. அபிராடெரோனோடு ரேடியம் சேராதவர்களில் 11 சதவீதம். கூர்ந்து பார்த்தபோது, எலும்பைப் பாதுகாக்கும் மருந்து எடுக்காதவர்களிடம் முறிவுகள் கூடுதலாக இருந்தன. என்சாலுடமைடையும் ரேடியத்தையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த பீஸ் 3 ஆய்வில், உடனே அனைவருக்கும் எலும்புப் பாதுகாப்பு மருந்தைக் கட்டாயமாக்கினார்கள். முறிவுகள் சில சதவீதம் என்ற அளவுக்குச் சரிந்தன. எலும்புப் பாதுகாப்பு மருந்தின் மதிப்பை இவ்வளவு பட்டவர்த்தனமாகக் காட்டிய நிகழ்வு அரிது.

ஒரே மருந்து, இரண்டு அளவு

நோயாளிகளும் குடும்பத்தினரும் அதிகம் குழம்பும் இடம் இது. எலும்பில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கலாம். ஒன்று, சிகிச்சையால் எலும்பு முழுவதும் மெலிவது. மற்றொன்று, புற்றுநோய் பரவிய இடத்தில் எலும்பு கெடுவது. இரண்டுக்கும் கொடுக்கும் மருந்துகள் ஒன்றே: எலும்பை அரிக்கும் செல்களை அடக்கும் டெனோசுமாப், சொலெட்ரோனிக் அமிலம். அளவுதான் வேறு.

எலும்பு மெலிவதைத் தடுக்க டெனோசுமாப் 60 மில்லிகிராம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் 1,468 ஆண்களை வைத்து நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் இந்த ஊசி போட்டவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 5.6 சதவீதம் கூடியது. போடாதவர்களுக்கு ஒரு சதவீதம் குறைந்தது. மூன்று ஆண்டுகளில் புதிதாக முதுகெலும்பு முறிந்தவர்கள் 1.5 சதவீதம், ஊசி போடாதவர்களில் 3.9 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சொலெட்ரோனிக் அமிலமும் வாரம் ஒருமுறை சாப்பிடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் அடர்த்தியைக் காக்கின்றன.

எலும்புக்குப் பரவி, ஹார்மோன் சிகிச்சைக்கும் கட்டுப்படாமல் போன புற்றுநோய்க்குத் தருவது டெனோசுமாப் 120 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒருமுறை. அதாவது ஆண்டுக்குச் சுமார் பன்னிரண்டு மடங்கு மருந்து. இது புற்றுநோயால் எலும்பு முறிவதையும் தண்டுவடம் நசுங்குவதையும் தள்ளிப்போடுகிறது. ஆயுளை நீட்டுவதாகக் காட்டப்படவில்லை. அதற்குப் பதிலாகச் சொலெட்ரோனிக் அமிலமும் கொடுக்கலாம். அதை நான்கு வாரத்துக்குப் பதில் பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தாலும் பலன் குறைவதில்லை என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

இரண்டுக்கும் நடுவே ஒரு கூட்டம் இருக்கிறது: எலும்புக்குப் பரவியிருக்கிறது, ஆனால் ஹார்மோன் சிகிச்சைக்கு இன்னும் நன்றாகக் கட்டுப்படுகிறது. இவர்களுக்கு அடிக்கடி பெரிய அளவில் போட்டால் பலன் உண்டா என்று சொலெட்ரோனிக் அமிலத்தை வைத்துச் சோதித்தார்கள். முன்கூட்டியே தொடங்கியதால் பெரிய நன்மை தெரியவில்லை. ஆக, 'எலும்புக்குப் பரவிவிட்டது, மாதாமாதம் ஊசி' என்று உடனே முடிவு கட்டக் கூடாது. அவர்களுக்கும் வேண்டியது எலும்பு மெலிவுக்கான சிறிய அளவாக இருக்கலாம். எந்தக் காரணத்துக்காக, எந்த அளவில் போடுகிறீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பது நோயாளியின் உரிமை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

அறிக்கையை எப்படிப் பார்ப்பது

டெக்ஸா அறிக்கையில் முதுகின் கீழ்ப்பகுதியில் உள்ள நான்கு எலும்புகள், எல்1 முதல் எல்4 வரை, வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே தொடை எலும்பின் கழுத்துப்பகுதியும் மொத்த இடுப்பும். ஒவ்வொன்றுக்கும் டி-ஸ்கோர் என்ற எண்; ஆரோக்கியமான இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்வது அது. மைனஸ் 1க்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவே அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே எலும்புப்புரை.

புராஸ்டேட் நோயாளிகளின் அறிக்கையில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தப் புற்றுநோய் எலும்புக்குப் பரவும்போது பெரும்பாலும் அந்த இடத்தை அரிப்பதற்குப் பதில் கெட்டியாக்குகிறது. வயதானால் முதுகெலும்பு ஓரங்களில் முள் போல எலும்பு வளர்வதும் உண்டு. இரண்டுமே ஸ்கேனில் அதிக அடர்த்தியாகத் தெரியும். எல்1 மைனஸ் 1.8, எல்2 மைனஸ் 1.6, எல்3 மட்டும் பிளஸ் 1 என்று இருந்தால், எல்3 வலுவாக இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், சராசரியிலிருந்து அதை விலக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு இடுப்பின் எண்ணும் முன்கையின் எண்ணும் நம்பகமானவை.

எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது. முறிவு நேரும் பலருடைய டி-ஸ்கோர் மைனஸ் 2.5ஐத் தொட்டிருக்காது. ஏற்கெனவே லேசாக விழுந்து எலும்பு முறிந்திருக்கிறதா, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, மெலிந்த உடம்பு என எல்லாம் கணக்கில் வர வேண்டும். இதற்கு ஃப்ராக்ஸ் என்ற கணிப்புமுறை இருக்கிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு நேரும் வாய்ப்பை அது சதவீதத்தில் தரும். ஹார்மோன் சிகிச்சைக்கென்று அதில் தனிக் கட்டம் கிடையாது. 'வேறு காரணத்தால் வந்த எலும்புப்புரை' என்ற கட்டத்தில்தான் குறிக்க வேண்டும். அடர்த்தி எண்ணையும் சேர்த்து உள்ளிட்டால் அந்தக் கட்டம் கணக்கில் வராது. அதனால் ஃப்ராக்ஸ் தரும் விடை உண்மையான ஆபத்தைவிடக் குறைவாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் ஊசி தொடரப்போகிறவருக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாகவே பாதுகாப்பை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கால்சியம் மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது

உணவிலும் மாத்திரையிலுமாகச் சேர்த்து நாளைக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம், 800 முதல் 1000 யூனிட் வைட்டமின் டி என்பது பொதுவான பரிந்துரை. இது அடித்தளம். இதை மட்டும் எடுத்துக்கொண்டு எலும்பு இழப்பைத் தடுத்துவிட முடியாது. மேலே சொன்ன 2009 ஆய்வில் டெனோசுமாப் போடாதவர்களும் கால்சியம், வைட்டமின் டி எடுத்தவர்கள்தான். அவர்களுடைய அடர்த்தி குறைந்துகொண்டுதான் போனது.

உடற்பயிற்சி வேறு ரகம். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது, ஆனால் எலும்புக்குத் தேவையான சுமை அதில் குறைவு. எடை தூக்கும் பயிற்சியும், உடல்நிலை இடம்கொடுத்தால் மெல்லக் குதிப்பது போன்ற தாக்கம் தரும் பயிற்சியும் சேர்ந்தால்தான் எலும்புக்கு வேலை. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் நியூட்டன், டேனியல் கால்வாவ் குழுவினர் ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் ஆண்களிடம் இதைப் பல ஆண்டுகளாகச் சோதித்துவருகிறார்கள். தசை வலு கூடுகிறது, அசதி குறைகிறது, முதுகெலும்பு இழப்பும் மட்டுப்படுகிறது. எலும்புக்குப் பரவியவர்கள், எந்த எலும்பில் பரவியிருக்கிறது என்று தெரிந்த பயிற்சியாளரோடு மட்டுமே செய்ய வேண்டும்.

எலும்புப் பாதுகாப்பு ஊசியைத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை, பல் மருத்துவரைப் பார்ப்பது. டெனோசுமாப், சொலெட்ரோனிக் அமிலம் எடுக்கும்போது பல் பிடுங்கினால் அந்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் நிலை சிலருக்கு வரும். மாதாமாதம் போடும் பெரிய அளவில்தான் இந்த ஆபத்து கவனிக்கத்தக்கது. ஆறு மாத ஊசியில் மிக அரிது. ஆட்டம் காணும் பல், சீழ் பிடித்த வேர் எல்லாவற்றையும் முதலிலேயே சரிசெய்துவிட வேண்டும். டெனோசுமாப் ரத்தத்தில் கால்சியத்தைச் சட்டென்று இறக்கக்கூடியது. வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இது ஆபத்து. உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, விரல்கள் இழுத்துக்கொள்வது அதன் அறிகுறிகள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கடும் எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும் என்று 2024இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. நீண்ட காலம் எடுப்பவர்களுக்குத் தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ மந்தமான வலி தொடர்ந்தால், அரிதாக வரும் தொடை எலும்பு விரிசலா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதுகுவலி வந்தால் அது மெலிந்த எலும்பு அழுந்தியதாகவும் இருக்கலாம், புற்றுநோய் பரவியதாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. முதுகுவலியோடு கால் வலுவிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது என்று ஏதாவது இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கவே கூடாது. தண்டுவடம் நசுங்குகிறதா என்று அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். சில மணி நேரத் தாமதமும் கால்களைச் செயலிழக்க வைத்துவிடலாம்.

நிறுத்தும்போது

கதிர்வீச்சோடு சேர்த்து ஆறு மாதம் மட்டும் ஊசி போடுபவருக்கும், மூன்று ஆண்டு போடுபவருக்கும், வாழ்நாள் முழுக்க போடுபவருக்கும் எலும்புத் திட்டம் ஒன்றாக இருக்க முடியாது. ஊசி நின்றதும் டெஸ்டோஸ்டிரோன் பல மாதங்களில் மெல்லத் திரும்பும். வயதானவர்களுக்கும் நீண்ட காலம் போட்டவர்களுக்கும் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். எலும்பும் ஓரளவுதான் மீளும். அதனால் ஹார்மோன் சிகிச்சை முடிந்தது என்பதாலேயே டெக்ஸாவும் முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம் டெனோசுமாபை நிறுத்துவது. இந்த மருந்து எலும்பில் தங்குவதில்லை. அடுத்த ஊசி ஓரிரு மாதம் தள்ளிப்போனாலே, அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த அரிக்கும் செல்கள் பழையதைவிட வேகமாக வேலை செய்யத் தொடங்குகின்றன. சேர்த்த அடர்த்தி ஓரிரு ஆண்டுகளில் போய்விடும். சிலருக்கு ஒரே சமயத்தில் பல முதுகெலும்புகள் அழுந்தியிருக்கின்றன. ஹார்மோன் சிகிச்சை முடிகிறது, 'அந்த ஊசியையும் சேர்த்து நிறுத்திவிடலாம்' என்று எளிதாகத் தோன்றும் நேரத்தில்தான் இது நடக்கிறது. கடைசி ஊசி போட்டுச் சுமார் ஆறு மாதத்தில் சொலெட்ரோனிக் அமிலமோ அலெண்ட்ரோனேட்டோ தொடங்கி எலும்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். டெனோசுமாப் போட்ட தேதியை நாள்காட்டியில் குறித்துவைப்பதும், ஆறாவது மாதம் வரும் முன்பே அடுத்தது என்ன என்று மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வதும் வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடிய காரியம். சிறுநீரக அறுவை மருத்துவர், புற்றுநோய் மருத்துவர், குடும்ப மருத்துவர் என்று மூன்று பேர் பார்க்கும்போது, எலும்பை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட வாய்ப்பிருக்கிறது. யார் பொறுப்பு என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு, அந்தப் பெயரையும் கோப்பில் எழுதிவையுங்கள்.